நுரையும் தலைமுழுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து வருகிறேன். மேற்பரப்பிழுவிசையைக் கரும்பலகையில் விளக்கி முடித்ததும் பாடத்தைப் பற்றிய கேள்வி அநேகமாக வருவதில்லை. ஷாம்புவைப் பற்றிய கேள்விதான் வருகிறது. மாணவர்கள் கேட்டவை, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் தாய்மார் படிக்கட்டில் நின்றபடி கேட்டவை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிச் சென்ற உறவினர்கள் கேட்டவை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நுரை நிறைய வந்தால்தான் தலை சுத்தமாகும் என்பது உண்மையா?

இல்லை. அழுக்கை அகற்றுவது நுரையன்று. நீரில் கரைந்து மயிரைச் சூழ்ந்து நிற்கும் ஷாம்புவின் மூலக்கூறுகளே அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் எண்ணெயைப் பிடிக்கப் போனவை போக எஞ்சியவை காற்றைச் சுற்றிக் கட்டும் கூடுதான் நுரை. ஆகவே நுரை எழுகிறது என்றால், எண்ணெய்க்கு வேண்டிய அளவு ஷாம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, இப்போது கையில் மிச்சம் இருக்கிறது என்று பொருள். சம்பளத்தில் கடனைக் கட்டிய பிறகு மிஞ்சும் காசைப் போன்றது அது. காசு மிஞ்சியதால் கடன் தீர்ந்தது என்று எவரும் சொல்வதில்லை. கடன் தீர்ந்ததால்தான் காசு மிஞ்சியது.

அதற்காக நுரையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வெறும் கரைசலாக இருந்தால் ஊற்றிய ஷாம்பு நெற்றியிலும் கழுத்திலும் வழிந்து ஓடிவிடும். நுரையாக இருக்கும்போது அது ஊற்றிய இடத்திலேயே தங்கி, விரல் போகும் இடமெல்லாம் பரவுகிறது. ஈரமான மயிர்கள் ஒன்றோடொன்று உராயும்போது நுரை அவற்றுக்கிடையே மெத்தை போல நின்று சிக்கு விழுவதையும் குறைக்கிறது. இவற்றைத் தவிர, நுரை இல்லாத ஷாம்புவை எவரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள் என்பதைத் தயாரிப்பாளர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

தலையில் சேரும் அழுக்கு என்பது உண்மையில் என்ன?

பெரும்பகுதி நம் உடல் தானே சுரந்த கொழுப்பு. ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் உள்ள நெய்ச் சுரப்பி, கொழுப்பு, மெழுகு, ஸ்குவாலீன் ஆகியவை கலந்த ஓர் எண்ணெயை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அது தோலையும் மயிரையும் உலராமல் காக்கும் நல்ல பொருள்தான். வியர்வையின் உப்பும், உதிர்ந்த தோற்கலங்களும், காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வந்து படியும் புகைக்கரியும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது அழுக்காகிறது. நாமே தேய்த்துக்கொள்ளும் தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அழுக்குப் படியும் பரப்பு எவ்வளவு என்பதை வகுப்பில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தோம். தலையில் ஏறத்தாழ 100,000 மயிர்கள் உள்ளன. ஒரு மயிரின் விட்டம் 70 மைக்கிரோமீற்றர், நீளம் 60 சென்ரிமீற்றர் என்று கொண்டால், எல்லா மயிர்களின் மேற்பரப்பும் சேர்ந்து 13 சதுர மீற்றருக்குச் சற்று மேல் வருகிறது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளில் பல படுக்கையறைகளின் தரை அவ்வளவு இராது. நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு ஷாம்பு ஏன் அதிகம் தேவைப்படுகிறது என்று தந்தைமார் இனியும் கேட்கத் தேவையில்லை.

எண்ணெய் நீரில் கரையாது என்றால், ஷாம்பு அதை எப்படி நீரோடு அனுப்பிவைக்கிறது?

ஷாம்புவில் உள்ள முக்கியமான பொருள், இரு முனைகளும் இருவேறு குணம் கொண்ட ஒரு நீண்ட மூலக்கூறு. பெரும்பாலான ஷாம்புகளில் அது சோடியம் லோரெத் சல்பேற்றாகவோ, அதன் நெருங்கிய உறவான சோடியம் லோரில் சல்பேற்றாகவோ இருக்கும். அதன் வால் 12 காபன் அணுக்கள் கொண்ட சங்கிலி. அது எண்ணெயோடு சேரும், நீரை விட்டு விலகும். அதன் தலை மறையேற்றம் (மறை மின்னேற்றம்) பெற்ற சல்பேற்றுக் கூட்டம். அது நீரோடு சேரும். வாலுக்குத் தேவையான 12 காபன் சங்கிலி தேங்காய் எண்ணெயிலிருந்தோ பாம் விதை எண்ணெயிலிருந்தோ எடுக்கப்படுவது வழக்கம். தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ பாதி, 12 காபன் கொண்ட லோரிக் அமிலம். தலையில் வைத்த எண்ணெயும், அதைக் கழுவ வந்த பொருளும் ஒரே தோப்பிலிருந்து வந்திருக்கலாம் என்று இதைச் சொல்லும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும்.

இந்த மூலக்கூறுகள் நீரில் குறைவாக இருக்கும்போது, நீரின் மேற்பரப்பில் வாலைக் காற்றுப் பக்கமாக நீட்டி நிற்கின்றன. செறிவு கூடிக்கொண்டே போய் ஓர் எல்லையைத் தாண்டியதும் நீருக்குள்ளேயே கூட்டம் கூடுகின்றன. வால்களெல்லாம் உள்ளே, தலைகளெல்லாம் வெளியே என அமைந்த இந்தச் சிறு உருண்டைக்கு மிசெல் என்று பெயர். சோடியம் லோரில் சல்பேற்றுக்கு அந்த எல்லை, ஒரு லீற்றர் தூய நீரில் ஏறத்தாழ 2.3 கிராம், ஓர் உருண்டையில் 60 மூலக்கூறுகள் அளவில் இருக்கும், அதன் அகலம் சில நனோமீற்றர் மட்டுமே.

மயிரின் மேல் படிந்திருக்கும் எண்ணெய்ப் படலத்துக்கு என்ன நேர்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஷாம்புக் கரைசல் எண்ணெயின் ஓரத்தில் புகுந்து, மயிரின் மேற்பரப்பையும் எண்ணெயின் மேற்பரப்பையும் தன் மூலக்கூறுகளால் மூடுகிறது. அப்போது எண்ணெய்க்கு மயிரோடு ஒட்டிப் படர்ந்திருப்பதில் இருந்த இலாபம் போய்விடுகிறது. தாமரை இலையில் விழுந்த நீர் உருண்டு திரள்வது போல, படலமாக இருந்த எண்ணெய் ஓரத்திலிருந்து சுருங்கித் திரண்டு துளியாகிறது. விரலின் அசைவோ நீரின் ஓட்டமோ பட்டதும் கழன்றுவிடுகிறது. கழன்ற துளியைச் சுற்றி மறையேற்றம் பெற்ற தலைகள் வெளியே நோக்கி நிற்பதால், துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். மீண்டும் சேர்ந்து பெரிதாவதும் மயிரில் போய் ஒட்டுவதும் கடினமாகும். மிகச் சிறிய அளவு எண்ணெய் மிசெலின் உட்பகுதியிலேயே ஒளிந்துகொள்கிறது. பிறகு நீர் ஊற்றும்போது எல்லாம் சேர்ந்து வடிகானுக்குப் போகிறது.

நுரை எப்படி உருவாகிறது? வெறும் நீர் ஏன் நுரைப்பதில்லை?

வெறும் நீரை எவ்வளவு அடித்தாலும் குமிழ் உண்டாகும், உடனே உடையும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பலமாக இழுத்துக்கொள்வதால், நீர் எப்போதும் தன் மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். மேற்பரப்பிழுவிசை எனப்படும் அந்த இழுவை 25 பாகை செல்சியசில் ஒரு மீற்றருக்கு 72 மில்லிநியூற்றன். ஷாம்பு சேர்ந்ததும் அது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. மேற்பரப்பை விரிப்பதற்கான செலவு குறைந்துவிடுவதால் குமிழ் எளிதாக உண்டாகிறது.

ஆனால் குமிழ் உண்டாவது ஒன்று, நிலைப்பது வேறொன்று. குமிழின் சுவர், இரு புறமும் ஷாம்பு மூலக்கூறுகள் வரிசையாக நிற்க, நடுவே மெல்லிய நீர் அடைபட்ட ஒரு படலம். அந்தப் படலம் ஓரிடத்தில் இழுபட்டு மெலிந்தால், அங்கே ஷாம்பு மூலக்கூறுகள் ஐதாகும். ஐதானால் அவ்விடத்தின் இழுவிசை கூடும். கூடிய இழுவிசை பக்கத்திலிருந்து நீரையும் மூலக்கூறுகளையும் தன்னிடம் இழுத்து மெலிந்த இடத்தை நிரப்பிவிடும். கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் நடந்தாலும், நடுவில் உள்ள நீர் மெல்ல மெல்லக் கீழே வடிந்துகொண்டே இருப்பதால் எந்த நுரையும் இறுதியில் அடங்கத்தான் செய்யும். அதைத் தாமதப்படுத்தவே கொக்கமைடோபுரொப்பில் பீற்றெயின் போன்ற துணைப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை முக்கிய மூலக்கூறுகளின் இடையில் நுழைந்து சுவரை இறுக்கமாக்கி, குமிழ்களைச் சிறிதாகவும் தடிப்பாகவும் ஆக்குகின்றன. கையில் எடுத்தால் வெண்ணெய் போல நிற்கும் நுரை அவற்றின் கைங்கரியம்.

நீரின் மேற்பரப்பைப் பற்றிய இந்த அறிவியலுக்குப் பெரும் பங்களித்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழகப் படியை மிதிக்காதவர். ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டு வேலைகளையும் பெற்றோரையும் கவனித்துக்கொண்டிருந்த அக்னெஸ் பொக்கெல்ஸ், எண்ணெயும் சவர்க்காரமும் படிந்த நீரின் மேற்பரப்பை அளப்பதற்கு வீட்டிலேயே ஒரு கருவி செய்து ஆராய்ந்தார். அவர் எழுதிய கடிதத்தை ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ரேலி பிரபு பரிந்துரைக்க, நேச்சர் இதழ் அதை 1891இல் வெளியிட்டது. பாத்திரம் கழுவும்போது கவனமாகப் பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் சொல்வது வீட்டு வேலை செய்விக்கும் தந்திரம் அல்ல.

எண்ணெய் தேய்த்து முழுகும் நாளில் முதல் தடவை நுரைக்கவே நுரைக்காமல், இரண்டாம் தடவை மட்டும் பொங்குவது ஏன்?

முதற் கேள்விக்கான விடையின் நேரடி விளைவு இது. தீபாவளிக் காலையில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்த தலையில் முதலில் ஊற்றும் ஷாம்பு முழுவதும் எண்ணெயைச் சூழ்வதற்கே செலவாகிவிடுகிறது. காற்றைச் சூழ ஒன்றும் மிஞ்சுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் நுரைக்குப் பகைவன். தப்பித் தவறி ஒரு குமிழ் எழுந்தாலும், சிறு எண்ணெய்த் துளி அதன் சுவருக்குள் புகுந்து, இரு பக்கமும் பாலம் போல நின்று, சுவரைக் கிழித்துவிடும்.

அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். முதலாவது கழுவலில் உள்ளங்கையில் வருவது நுரையன்று, பால் போன்ற, சற்றுச் சாம்பல் நிறம் கொண்ட ஒரு குழம்பு. அந்த வெண்மை, மிகச் சிறிய எண்ணெய்த் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் உண்டாவது. வேலை முழுமூச்சாக நடந்துகொண்டிருப்பது அப்போதுதான். நுரை வரவில்லை என்று அந்த நேரத்தில் மேலும் மேலும் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் வீண்செலவு.

ஒரே முறையில் நிறைய ஊற்றுவதைவிட, அதே அளவை இரண்டாகப் பிரித்து, முதற் பாதியால் தேய்த்துக் கழுவிவிட்டு, மற்றப் பாதியை இடுவது மேல். உயர்தரத்தில் பங்கீட்டுக் குணகம் படித்தவர்களுக்கு இது புதிதன்று: ஒரு கரைப்பானை மொத்தமாகப் பயன்படுத்துவதைவிடப் பல சிறு பங்குகளாகப் பயன்படுத்தினால் கூடுதலாகப் பிரித்தெடுக்கலாம் என்ற அதே நியாயம், அழுக்கைச் சுமந்த நீரை இடையில் வெளியேற்றும் இடத்திலும் செல்லும். எண்ணெய் வைக்காத நாளில் இரண்டாம் தடவை பெரும்பாலும் தேவையில்லை. போத்தலில் இரண்டு முறை போடும்படி அச்சிட்டிருந்தால், அது போத்தல் சீக்கிரம் தீர்வதற்கும் உதவும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்காமல் முரண்டு பிடிக்கிறது; கொழும்பில் அதே சவர்க்காரம் கழுவக் கழுவப் போவதில்லை. ஷாம்புவுக்கும் இந்த வேறுபாடு உண்டா?

இக்கேள்விக்கு வாயால் விடை சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று தோன்றியதால், வீட்டுச் சமையலறையில் செய்து பார்த்தேன். மூன்று பழைய சோடாப் போத்தல்கள். முதலாவதில் எங்கள் வீட்டுக் குழாய் நீர். இரண்டாவதில் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த கிணற்று நீர். மூன்றாவதில் புகையிரதப் பாதையைக் கடந்து போய் வெள்ளவத்தைக் கடற்கரையில் மொண்ட நீர். மூன்றிலும் சீவிய சவர்க்காரத்தை ஒரே அளவு போட்டுக் குலுக்கினேன். குழாய் நீர் உடனே கழுத்துவரை நுரைத்தது. கிணற்று நீரில் நுரை எழவில்லை. நீர் கலங்கி, தயிர்த் துணுக்குப் போன்ற வெள்ளைத் திரள்கள் மிதந்து, போத்தலின் சுவரில் ஒட்டின. கடல் நீரில் சவர்க்காரம் கரையவே மறுத்து, மேலே கட்டியாக ஒதுங்கி நின்றது. போத்தல்களைக் கழுவிவிட்டு, அதே நீர்களில் ஐந்து துளி ஷாம்பு வீதம் இட்டுக் குலுக்கியபோது, முதல் இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு நுரைத்தன. கடல் நீர்கூட நுரைத்தது. ஆனால் அந்த நுரை சற்றுக் குறைவாகவும் சீக்கிரம் அடங்குவதாகவும் இருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழை நீர் அக்கல்லின் ஊடே இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது, அதுதான் வன்னீர். சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. அதன் தலையில் உள்ள காபொக்சிலேற்றுக் கூட்டம் கல்சியத்தைக் கண்டால் சோடியத்தைக் கைவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படி உண்டாகும் கல்சியம் உப்பு நீரில் கரையாது. போத்தலில் ஒட்டிய தயிர்த் துணுக்கு அதுவே. சவர்க்காரத்தால் தலை முழுகினால் மயிரில் படிந்து பிசுபிசுப்பை உண்டாக்குவதும் அதுவே. கிணற்று நீரில் உள்ள கல்சியம் முழுவதும் இவ்வாறு தீர்ந்த பிறகு போடும் சவர்க்காரம்தான் நுரைக்கும்.

கொழும்பின் குழாய் நீரில் பெரும்பங்கு களனி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வருவது. மத்திய மலைநாட்டின் கடினமான பாறைகளின் மேல் ஓடிவரும் அந்த நீரில் கரைந்த கல்சியம் குறைவு; ஆகவே அது மென்னீர். மென்னீரில் சவர்க்காரம் வீழ்படிவாக மாறாமல் தோலின் மேல் வழுவழுவென்று நிற்பதால், வன்னீருக்குப் பழகியவருக்கு எவ்வளவு ஊற்றியும் போகவில்லை என்று தோன்றும். நீர் போதாமை அன்று அது. கை யாழ்ப்பாணத்து அளவிலேயே சவர்க்காரத்தைத் தேய்ப்பதன் விளைவு.

ஷாம்புவின் சல்பேற்றுத் தலைக்குக் கல்சியத்தோடு இந்தத் தொல்லை மிகக் குறைவு. குறிப்பாக லோரெத் வகையில், தலைக்கும் வாலுக்கும் இடையில் ஒட்சிசன் கொண்ட ஒரு சிறு தொடர் செருகப்பட்டிருக்கிறது. அதனால் அதன் கல்சியம் உப்பும் நீரில் கரையும். சவர்க்காரத்திலிருந்து ஷாம்பு பிரிந்த இடமே இதுதான். ஜேர்மனியில் ஹான்ஸ் சுவார்ஸ்கொப் 1903இல் விற்கத் தொடங்கிய பொடி ஷாம்பு முதல் பல தயாரிப்புகள் சவர்க்காரத்தையே நம்பியிருந்தன. சவர்க்காரம் கலவாத செயற்கைத் தூய்மையாக்கியைக் கொண்ட ஷாம்பு 1934இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பிறகே வன்னீர்ப் பிரதேசங்களில் தலை முழுகுவது இலகுவாயிற்று.

அப்படியானால் உடம்புச் சவர்க்காரத்தையே தலைக்கும் போட்டால் என்ன?

கொழும்பு நீரில் படிவுத் தொல்லை குறைவு என்பதால் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் சவர்க்காரக் கரைசலின் பீஎச் பெறுமானம் 9 அல்லது 10 அளவில் இருக்கும், அதாவது அது காரமானது. மயிரின் வெளிப்புறம் கூரை ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. காரக் கரைசலில் மயிர் வீங்கி, அந்த ஓடுகள் மேலெழும்பும். எழும்பிய ஓடுகள் ஒன்றிலொன்று கொளுவிக்கொள்ளும்போது சீப்பு நகர மறுக்கிறது, மினுக்கமும் போகிறது. நல்ல ஷாம்புகள் பெரும்பாலும் தோலின் இலேசான அமிலத் தன்மைக்கு அருகில் தயாரிக்கப்படுகின்றன.

சீயாக்காயும் அரப்பும் இதே வேலையைத்தான் செய்கின்றனவா?

அடிப்படையில் ஆம். சீயாக்காய், பூந்திக்கொட்டை, இலுப்பைப் பிண்ணாக்கு ஆகியவற்றில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதற்கும் எண்ணெயை விரும்பும் ஒரு பகுதியும், நீரை விரும்பும் வெல்லக் கூட்டங்களும் உண்டு. அதனால் அதுவும் நுரைக்கும், அதுவும் எண்ணெயைப் பிடிக்கும். அதன் தலையில் ஏற்றம் இல்லாததால் வன்னீர் அதை அதிகம் பாதிப்பதில்லை. சுண்ணக்கல் மண்ணில் வாழ்ந்த நம்மவர்கள் அரப்பை விடாமல் வைத்திருந்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அரப்போடு தேசிக்காய் சேர்ப்பதும் பொருளற்ற சடங்கன்று. அதிலுள்ள சித்திரிக் அமிலம் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எழும்பிய செதில்களையும் படிய வைக்கும். செவ்வரத்தை இலையின் கதை வேறு. அதைக் கசக்கும்போது வரும் வழுவழுப்பு பெரும்பாலும் பசைப்பொருள்; அது கழுவுவதைவிட மயிர்களுக்கிடையே வழுக்கலை உண்டாக்கிச் சிக்கெடுக்கவே அதிகம் உதவுகிறது. ஆனால் இயற்கை என்பதால் கண்ணுக்கு இதம் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு வயதில் சீயாக்காய்த் தூள் கண்ணில் பட்டுக் கிணற்றடியில் நான் எழுப்பிய கூச்சல் அயல் வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது.

சல்பேற்று இல்லாத ஷாம்பு குறைவாக நுரைக்கிறதே, அது ஏமாற்றா?

ஏமாற்றன்று. அவற்றில் குளுக்கோசைடு, பீற்றெயின், அமினோ அமில வகைத் தூய்மையாக்கிகள் இருக்கும். அவை தோலின் கொழுப்பை மென்மையாகவே எடுக்கும்; பலவற்றில் நுரை தளர்ந்திருக்கும். உலர்ந்த அல்லது அரிப்புள்ள தலைத்தோலுக்கும், சாயமிட்ட மயிருக்கும் அவை பொருந்தலாம். ஆனால் நல்லெண்ணெய் முழுக்குக்கு அவற்றை நம்பினால் மூன்று முறை கழுவ வேண்டி வரும். சல்பேற்று என்றாலே நஞ்சு என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. நீண்ட நேரம் தோலில் விட்டால் எரிச்சல் தரக்கூடிய பொருள், கழுவிவிடுவதற்கென்றே செய்யப்பட்டது என்பதுதான் சரியான கூற்று.

ஷாம்பு போட்ட பிறகு கண்டிஷனர் எதற்கு? இரண்டும் ஒன்றாக உள்ள போத்தல் எப்படி வேலை செய்கிறது?

நீரில் நனைந்த மயிரின் மேற்பரப்பு மறையேற்றம் கொண்டது. ஷாம்புவின் தலையும் மறையேற்றம் கொண்டதால் இரண்டும் விலகி நிற்கும். அதனால்தான் ஷாம்பு எளிதாகக் கழுவப்பட்டுப் போகிறது. கண்டிஷனரின் மூலக்கூறோ நேரேற்றம் கொண்ட தலையை உடையது. அது மயிரோடு ஒட்டி, வாலை வெளியே நீட்டி, ஒரு மெல்லிய கொழுப்புப் போர்வையை உண்டாக்குகிறது. மயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்வதால், 60 சென்ரிமீற்றர் கூந்தலின் நுனி ஐந்து வயதானது. வெயிலும் சீப்பும் கண்ட அந்த நுனியில் மறையேற்றம் அதிகம். கண்டிஷனரும் அங்கேதான் அதிகமாக ஒட்டும். ஆகவே அதை நுனியில் இடுங்கள். தலைத்தோலுக்கு அது தேவையில்லை.

இரண்டையும் வெறுமனே கலந்தால், எதிரெதிர் ஏற்றங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும். அதற்காக இரண்டும் சேர்ந்த போத்தலில் நேரேற்றம் கொண்ட ஒரு பல்பகுதியத்தையும் (பொலிமர்) நுண்ணிய சிலிக்கோன் துளிகளையும் வைத்திருக்கிறார்கள். ஷாம்பு செறிவாக இருக்கும்வரை அந்தப் பல்பகுதியம் கரைந்தே கிடக்கும். நீங்கள் நீர் ஊற்றிக் கழுவத் தொடங்கிச் செறிவு குறையும் அந்தத் தருணத்தில்தான் அது பிரிந்து, சிலிக்கோனையும் இழுத்துக்கொண்டு மயிரில் படிகிறது. கழுவும் செயலையே விசையாகப் பயன்படுத்திய இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொடுகுக்கான ஷாம்புவை ஏன் சில நிமிடங்கள் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள்?

அதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எண்ணெயை எடுப்பது உடனே நடக்கும். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீற்றோகொனசோல் போன்ற மருந்துக்குத் தோலோடு மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் தொடர்பு வேண்டும். அந்தப் பூஞ்சை தலையின் கொழுப்பை உண்டு வாழ்வது. பொடுகு இருக்கும்போது எண்ணெயை இரவு முழுவதும் ஊறவிடுவது அதற்கு விருந்து வைப்பதாகும். பொடுகு சில வாரங்களில் அடங்காவிட்டால் தோல் வைத்தியரைக் காணுங்கள்.

முழுகுவதற்கு முன் எண்ணெய் வைப்பதால் மயிருக்கு உண்மையில் பயன் உண்டா?

தேங்காய் எண்ணெய்க்கு உண்டு. நீர் புகும்போது மயிர் வீங்குவதும் உலரும்போது சுருங்குவதும் செதில்களைத் தளர்த்தும். லோரிக் அமிலம் நிறைந்த தேங்காய் எண்ணெய் மயிருக்குள் ஊடுருவி நீர் புகுவதைக் குறைக்கிறது; மயிரின் புரத இழப்பை அது குறைப்பதாகவும், தாது எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யவில்லை என்றும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வைக்கும் அளவு மட்டும் குறைவாக இருக்கட்டும். மிகுதி எல்லாம் ஷாம்புவைத்தான் தின்னும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை முழுக வேண்டும்? வெந்நீரா, தண்ணீரா?

கொழும்பின் வெக்கையில் நாள்தோறும் பஸ்ஸில் போய்வருபவருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். வீட்டில் இருப்பவருக்கும் வயதானவருக்கும் வாரம் ஒருமுறை போதும். எண்ணெய்ப் பிசுக்கும் அரிப்பும் தோன்றுவதே கணக்கு. இளஞ்சூடான நீரில் கொழுப்பு இளகுவதால் கழுவுவது எளிது. கொழும்புக் குழாய் நீர் வெயில் காலத்தில் தானாகவே அந்த நிலையில்தான் வருகிறது.

ஷாம்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்துச் சொல்தான். அழுத்து, பிடித்துவிடு என்று பொருள்படும் சாம்போ என்ற ஹிந்திச் சொல் அது. 1759இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் மகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் நிலையம் நடத்திப் புகழ் பெற்று, மன்னர் நான்காம் ஜோர்ஜுக்கும் அப்பணியைச் செய்தார். உடம்பு பிடிப்பதைக் குறித்த சொல் பிறகு தலை கழுவுவதற்கு நகர்ந்து, போத்தலில் ஏறி, கப்பலில் நம்மிடமே திரும்பி வந்தது.

போத்தலின் அடியில் மிஞ்சியதற்கு நீர் ஊற்றிக் குலுக்கி வைத்துக்கொள்ளலாமா?

எல்லா வீட்டிலும் நடப்பது இது; எங்கள் வீட்டிலும்தான். ஊற்றியதும் அது ஏன் நீராய்ப் போகிறது என்று பலர் கேட்பார்கள். ஷாம்பு தடிப்பாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரண கறியுப்பு. உப்புச் சேரும்போது மறையேற்றத் தலைகளுக்கிடையே உள்ள விலக்கம் குறைந்து, உருண்டையான மிசெல்கள் நீண்டு புழுக்கள் போலாகி, இடியப்பம் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நீர் ஊற்றியதும் அந்தப் பின்னல் அவிழ்ந்துவிடுகிறது. கழுவும் ஆற்றல் அதனால் கெடுவதில்லை. தலையில் ஊற்றியதும் எப்படியும் அது நீரோடு கலக்கத்தான் போகிறது.

கெடுவது வேறொன்று. போத்தலில் உள்ள பாதுகாப்புப் பொருள், தயாரித்தபோது இருந்த செறிவுக்கென்று அளந்து சேர்க்கப்பட்டது. இரண்டு மடங்கு நீர் ஊற்றினால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். எங்கள் ஊர்க் குளியலறையின் வெக்கையில் கிருமிகள் பெருக அது போதும். ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது புளித்த வாடை வந்தால் அதைத் தலையில் ஊற்றாதீர்கள். நீர் ஊற்றுவதாக இருந்தால் முழுகும் நேரத்தில் ஊற்றி, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.